ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனவர்கள்

"நீ ஒரு அடி எடுத்து வை, ஆண்டவர் உன்னை நோக்கிப் பத்து அடி எடுத்து வைப்பார்." சேலத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த யாரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். பிரசங்கத்தில் வரும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் வரும், வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னால் இதை ஏற்க முடியவில்லை. வேதாகமத்தில் இப்படி ஒரு வசனம் கிடையாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது இரட்சிப்பின் தொடக்கத்தை நம் தலையில் கட்டிவிடுகிறது. பத்து அடி வரத் தயாராக இருப்பவர் உன் ஒரு அடிக்காகத்தான் காத்து நிற்கிறார் என்றால், எல்லாமே அந்த ஒரு அடியில்தானே இருக்கிறது? அதை எடுத்து வைக்கத் தெம்பில்லாதவன் எங்கே போவான்?

ஞாயிறு பள்ளியில் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த வசனம் எபேசியர் 2:8. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." பரிசுக்காக ஒப்பித்துவிட்டு மறந்துபோகிற வசனம் இல்லை இது. இரட்சிப்பு எதனால் வருகிறது, எந்த வழியாக நம்மிடம் வந்து சேருகிறது என்று பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கிருபை, அதாவது நம் தகுதி பார்க்காமல் தேவன் தரும் அருள், காரணம்; விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்ளும் வழி. வழியைக் காரணமாக்கினால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. "தேவன் கிருபை வைத்தார், நான் விசுவாசத்தைக் கொடுத்தேன், இரண்டும் சேர்ந்து இரட்சிப்பு ஆனது" என்று பலர் மனதில் ஒரு கூட்டு வியாபாரக் கணக்கு ஓடுகிறது. அடுத்த வசனமே அந்தக் கணக்கை அடித்துவிடுகிறது: "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு."

ஒரு அடி வாக்கியத்துக்கு ஆதரவாக வழக்கமாக இரண்டு பகுதிகளைக் காட்டுவார்கள். ஒன்று யாக்கோபு 4:8, "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்." யாக்கோபு அதை ஏற்கெனவே சபையில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதினார். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. இன்னொன்று லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன். அவன் எழுந்து நடந்தான், அப்பா ஓடி வந்தார், சரி. ஆனால் அதே அதிகாரத்தில் அதற்கு முன்பே காணாமல்போன ஆடும் வெள்ளிக்காசும் இருக்கின்றன. ஆடு ஒரு அடியும் திரும்பி வரவில்லை. மேய்ப்பன் தேடிப்போய்த் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். காசுக்கோ தான் காணாமல்போனதே தெரியாது. இயேசு மூன்று கதைகளையும் சேர்த்துத்தான் சொன்னார். நாம் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துப் பிரசங்கம் பண்ணுகிறோம்.

முதல் அடி யாருடையது என்ற கேள்வி புதிதில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் இருந்த பெலாகியு என்ற துறவி, மனிதன் மனம் வைத்தால் தேவனுடைய கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார். நேர்மையான, ஒழுக்கமான மனிதர். கிருபையைச் சாக்காக வைத்துக்கொண்டு கிறிஸ்தவர்கள் தளர்ந்துபோகிறார்களே என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் பேராயராக இருந்த அகுஸ்தீன் அவர் போதனையை விடாமல் எதிர்த்தார். மனிதனுக்கு வழி தெரியாமல் போனது மட்டும் சிக்கல் என்றால் போதனை போதும். அவன் விருப்பமே கோணலாகிப் போயிருக்கும்போது அந்த விருப்பத்தைத் திருப்புகிறவர் வேண்டும் என்பது அகுஸ்தீனின் வாதம். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது.

அத்தோடு முடிந்துவிடவில்லை. இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இருந்த சில துறவிகள் நடுவழி ஒன்றைச் சொன்னார்கள்: கிருபை இல்லாமல் இரட்சிப்பு இல்லைதான், ஆனால் விசுவாசத்தின் முதல் அசைவு மனிதனிடமிருந்து வரலாம், அதற்கு மேல் தேவன் பார்த்துக்கொள்வார். அதாவது நம் ஊர் ஒரு அடி, பத்து அடிக் கணக்கேதான். 529-இல் ஓரஞ்ச் என்ற ஊரில், ஆர்ல் நகரப் பேராயர் செசாரியு தலைமையில் கூடிய மன்றம் அதை மறுத்தது. விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமல்ல, அதன் தொடக்கமும், விசுவாசிக்க வேண்டும் என்கிற ஆசையும்கூட கிருபையால்தான் வருகிறது என்று தீர்மானித்தார்கள். கூடவே, தீமைக்கென்று தேவன் சிலரை முன்குறித்து வைத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் அதையும் வன்மையாகக் கண்டித்தார்கள். இந்த இரண்டாவது பாதியும் முக்கியம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழைய விவகாரம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இது என் பெரியம்மாவின் கட்டிலருகே தொடங்கியது.

பெரியம்மா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர். ஓய்ந்து உட்கார்ந்த பிறகு சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸுக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் அடிவாரம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். கடைசியில் முடியாமல் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அப்போது ஒரு ஜெபக்குழுவிலிருந்து சிலர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி வந்தபோது, அவர் அப்படியேதான் படுத்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "அம்மா, ஆண்டவர் சுகம் கொடுக்கத் தயாராத்தான் இருக்காரு. உங்க விசுவாசம்தான் பத்தல."

அவர்கள் போன பிறகு பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, எவ்வளவு விசுவாசம் இருந்தா பத்தும்?" கொஞ்சம் பொறுத்து, "பரலோகத்துக்கும் இதே கணக்குதானா?"

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. சுகம் கிடைக்காத வருத்தத்தைவிட, தான் மீட்கப்பட்டவளா என்கிற சந்தேகத்தை அந்த ஒற்றை வாக்கியம் அவருக்குள் விதைத்துவிட்டது. மரணப் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய கொடுமை செய்ய முடியாது என்று நான் நம்புகிறேன். விசுவாசத்தை விலையாக மாற்றினால் இங்கேதான் வந்து நிற்கும். முன்பு நற்கிரியைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது விசுவாசத்தை எடைபோடுகிறோம். எண்ணும் பழக்கம் போகவே இல்லை. சொல்லப்போனால் முன்பைவிட மோசம். கிரியையையாவது கண்ணால் பார்க்கலாம், இவ்வளவு செய்தேன் என்று சொல்லலாம். விசுவாசம் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால், கண்ணில் படுவது பெரும்பாலும் சந்தேகம்தான்.

சரி, பெரியம்மாவுக்கு நான் என்ன சொன்னேன்? பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மத்தேயு 20-ஐ எடுத்து வாசித்தேன். திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை. அதோடு அவருக்கு ரொம்ப நாளாக ஒரு வழக்கு இருந்தது எனக்குத் தெரியும்.

தோட்ட வேலை தெரியாதவர்களுக்கு இந்த உவமை அழகான கதை. தெரிந்தவர்களுக்கு அப்படி இல்லை. கார்த்திகை, மார்கழிக் குளிரில் பழம் பறிக்கிற காலத்தில், பறித்ததை எடைபோட்டுக் கூலி கொடுப்பார்கள். யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறும். ஒரு கிலோ குறைத்து எழுதினால் சண்டை. அப்படிப்பட்ட கணக்கில் வாழ்ந்தவரிடம், விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி என்று சொன்னால் கோபம்தான் வரும். பெரியம்மா எப்போதும் கேட்பார்: "நாள் முழுக்க நின்னவளுக்கும் சாயங்காலம் வந்தவளுக்கும் ஒரே கூலின்னா, மறுநாள் எவ விடியக்காலையில வருவா?" இயேசுவின் உவமையை அவ்வளவு சரியாகக் கேட்டவர்களை நான் கோயிலில் பார்த்ததில்லை. அந்தக் கதை நம்மைக் கோபப்படுத்த வேண்டும். காலையில் வந்தவர்களும் முறுமுறுத்தார்கள் என்றுதானே எழுதியிருக்கிறது.

அன்றைக்கு வாசிக்கும்போது அவர் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. எஜமான் அதிகாலையில் போகிறான். மூன்றாம் மணி வேளையில் போகிறான், அப்புறம் ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி வேளையில், நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு. "மொதலாளியே எதுக்கு அத்தனை தடவை போறாரு? மேஸ்திரிய அனுப்பினா ஆகாதா?" என்றார் பெரியம்மா. நான் மேலே வாசித்தேன். அந்த எஜமானுக்கு ஒரு காரியக்காரன் இருக்கிறான்; கூலி கொடுக்க அவனைத்தான் அனுப்புகிறான். ஆட்களைத் தேடிப்போகும் வேலையை மட்டும் தானே வைத்துக்கொள்கிறான். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு மணிக்கு ஆள் எடுக்கிறது வேலைக்காக இல்ல கண்ணு."

கிருபை என்றால் என்ன என்று நான் வாசித்த எந்த விளக்கமும் இந்த அளவுக்கு எனக்குள் இறங்கியதில்லை. பொழுது சாயப்போகிற நேரத்தில் எந்தத் தோட்டத்துக்காரனும் வேலை நடக்கவேண்டும் என்று ஆள் எடுக்கமாட்டான். சேலத்தில் காலை ஏழு மணிக்கு ரோட்டு ஓரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் காத்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு மேல் கூப்பிட ஆள் வராது என்று தெரிந்து கலைந்துவிடுவார்கள். ஐந்து மணி வரைக்கும் ஒருவன் நின்றால், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முகமில்லாமல் நிற்கிறான் என்றுதான் அர்த்தம். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள் அவர்கள். எஜமான் அவர்களுக்காகப் போகிறான். தோட்டத்துக்காகப் போகவில்லை.

இதே உவமையில் விசுவாசமும் இருக்கிறது. அதிகாலையில் வந்தவர்களோடு எஜமான் "நாளொன்றுக்கு ஒரு பணம்" என்று கூலி பேசுகிறான். அவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. பிறகு வந்தவர்களிடம் எந்தத் தொகையும் பேசவில்லை. நியாயமானபடி கொடுப்பேன் என்கிற வார்த்தை மட்டும்தான். அந்த வார்த்தையை நம்பி எழுந்து போனார்கள். போனார்களே, அதுதான் விசுவாசம். தோட்டத்துக்குப் போகாமல் தெருவிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வந்திருக்காது. ஆனால் அந்த நடை அந்தப் பணத்தைச் சம்பாதித்ததா? இல்லை. எஜமான் அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்கு வந்திராவிட்டால் நடப்பதற்கே ஒன்றுமில்லை. அவர்கள் நம்பியது தங்கள் நம்பிக்கையை இல்லை, கூப்பிட்டவனை.

ரோமர் 4-இல் பவுல் கூலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறார். வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையாக எண்ணப்படாது, அது கடன் என்கிறார். தேவனை நமக்குக் கடன்பட்டவராக ஆக்குகிற எதுவும், அது ஜெபமானாலும் உபவாசமானாலும் விசுவாசமானாலும், இரட்சிப்பைக் கூலியாக மாற்றிவிடுகிறது.

அப்படியென்றால் "எவ்வளவு விசுவாசம் பத்தும்?" மாற்கு 9-இல் ஒரு தகப்பன் வருகிறான். பிள்ளையை அசுத்த ஆவி அலைக்கழிக்கிறது. சீஷர்களால் முடியவில்லை. அவன் இயேசுவிடம், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதுகொண்டே கத்துகிறான். நம் ஜெபக்குழுக்களின் அளவுகோலில் அவன் தேறமாட்டான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அவர்கள் விசுவாசத்தைக் கண்டு! படுக்கையில் கிடந்தவன் அதுவரை வாயே திறக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகிறவர்கள் அவரிடம் விசுவாசம் இருக்கிறதா என்று சோதிக்கத் தேவையில்லை. அவருக்காகத் தாங்கள் விசுவாசிக்கலாம். சபை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

விசுவாசமே கொடுக்கப்படுகிறது என்பதற்கு பிலிப்பியர் 1:29 போதும். கிறிஸ்துவிடம் விசுவாசிக்கிறதும் அவருக்காகப் பாடுபடுகிறதும் "உங்களுக்கு அருளப்பட்டிருக்கிறது" என்கிறது. பிலிப்பி பட்டணத்தில் முதலில் விசுவாசித்த லீதியாள் கதையும் அப்படித்தான். பவுல் பேசினார், அவள் கேட்டாள், "கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்." அவள் பொம்மையாக இருக்கவில்லை, ஞானஸ்நானம் பெற்றாள், வீட்டைத் திறந்து வைத்தாள், எங்கள் வீட்டில் வந்து தங்கவேண்டும் என்று வருந்தி அழைத்தாள். கிருபை வந்த இடத்தில் மனிதன் சும்மா கிடப்பதில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய சண்டை உண்டு. அப்பா வழியில் நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அம்மா வழிச் சொந்தங்கள் சிலர் கத்தோலிக்கர்கள். அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸுக்குக் கூடினால் யாராவது ஒருவர், "நாங்க விசுவாசத்தால, நீங்க கிரியையால" என்று கிளப்பிவிடுவார். மாமா விடமாட்டார்: "யாக்கோபு ரெண்டாம் அதிகாரத்தை உங்க பைபிள்ல இருந்து கிழிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?" கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்கிற அதிகாரம் அது.

இரண்டு பக்கமும் அடுத்தவரைச் சரியாகக் கேட்டதில்லை என்பதே என் எண்ணம். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் வெளியிட்ட ஆணையில், நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வருகிற எதுவும், விசுவாசமோ கிரியையோ, அந்த அருளைச் சம்பாதிக்காது என்றே இருக்கிறது. இதை எங்கள் பக்கத்தில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதே சமயம் "விசுவாசத்தினால் மட்டும்" என்று சொன்ன சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், நற்செயல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் மனிதன் தனக்குள் உண்டாக்கிக்கொள்கிற எண்ணம் இல்லை, தேவன் நமக்குள் செய்கிற வேலை, அது நன்மை செய்யாமல் இருக்கவே இருக்காது என்கிறார். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அந்த முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுத்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. யாக்கோபு தாக்கியது பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் ஒப்புதலை. பவுல் சொன்னது அன்பினால் கிரியை செய்கிற விசுவாசத்தை. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் எதுவும் இல்லை, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அந்த ஏற்பே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மாமாவும் நானும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிக்க இது போதும்.

எங்கள் சபைக்குள்ளேயே இன்னொரு வேறுபாடு இருக்கிறது. 1947-இல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஒன்றானார்கள். சேலத்தின் பழைய மிஷன் 1827-இல் தொடங்கிய லண்டன் மிஷன். அது சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழி. மெதடிஸ்டுகளோ வெஸ்லி வழி. தேவன் யாரை அழைக்கிறாரோ அவர்களிடம் கிருபை தவறாமல் வேலை செய்யும் என்பது முதல் மரபு. கிருபை எல்லோரையும் முந்திக்கொண்டு தொடுகிறது, ஆனால் மனிதன் அதை மறுக்கவும் முடியும் என்பது இரண்டாவது. தமிழ் வைணவத்தில் தென்கலையாரும் வடகலையாரும் தாய் கவ்வித் தூக்கிப்போகிற பூனைக்குட்டி, தாயைத் தானே பற்றிக்கொள்கிற குரங்குக்குட்டி என்று வாதாடியது கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான். சேலமும் அடங்கிய கோயம்புத்தூர் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி தமிழ்ப் பக்தி மரபை ஆழ்ந்து படித்து, கிறிஸ்தவ விசுவாசத்தை அந்த மொழியில் விளக்கியவர். அந்த வழியில் நம் சபைகள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம். ஒரு மலைத்தோட்டத்துப் பெண்மணி மத்தேயு 20-ஐக் கேட்ட விதத்தைக் கண்ட எனக்கு அந்த ஏக்கம் அதிகமாகவே உண்டு.

இனி நான் முன்பு விட்ட பாதி. விசுவாசமும் தேவனுடைய ஈவு என்றால், விசுவாசிக்காதவருக்கு அவர் ஏன் கொடுக்கவில்லை? என் தம்பிக்கு விசுவாசம் கிடையாது. கெட்டவன் இல்லை, பெரியம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவன் பெரும்பாலும் அவன்தான். ஆகையால் இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி இல்லை. தேவன் அவனை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறார் என்று எந்த இறையியலாளர் சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை. ஓரஞ்சில் கூடியவர்களும் தீமைக்கான முன்குறிப்பு என்பதை அதனால்தான் அவ்வளவு கடுமையாகத் தள்ளினார்கள் என்று நினைக்கிறேன். அவனே ஒரு அடி எடுத்து வைக்கட்டும் என்று கைகட்டி நிற்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவனுக்காக ஜெபிக்கிறேன். "அவன் மனதைத் திற" என்று ஜெபிக்கிற எவரும், முதல் அடி தேவனுடையது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள்தான்.

மத்தேயு 20-இல் எஜமான் கூப்பிட்டும் வராதவர் என்று ஒருவரும் சொல்லப்படவில்லை. லூக்கா 14-இல் விருந்துக்கு அழைத்தும் வராதவர்கள் வருகிறார்கள்: ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், ஒருவன் ஏர்மாடு வாங்கியிருக்கிறான், ஒருவனுக்குப் புதிதாகக் கல்யாணம். இந்த இரண்டு உவமைகளையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று தம்பியும் நானும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் கேட்ட கேள்விகளை, அவன் சம்மதித்தால், அடுத்த பதிவில் எழுதுகிறேன்.